உடம்பு கற்றுக்கொண்ட பயம்

பதற்றமாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே ஓர் இலவச வைத்தியம் கிடைக்கும்: “மூச்ச நல்லா உள்ள இழு, மெதுவா விடு.” பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. மார்பைத் தட்டையாகக் காட்டுவதற்காகச் சட்டைக்குள் இறுக்கமான பைண்டர் அணிந்திருக்கும் திருநம்பி ஒருவரிடம் இதையே சொன்னால் கதை வேறு. ஆழமாக மூச்சிழுக்க உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், விலா எலும்புகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் விரிய வேண்டும். பைண்டர் அந்த விரிவுக்கு இடம் கொடுக்காது. மூச்சு பாதியில் முட்டி நிற்கும். போதாக்குறைக்கு, எந்த இடத்தை நினைக்காமலிருக்க அவர் நாள் முழுக்கப் பாடுபட்டாரோ, கவனம் நேராக அங்கேயே போய் உட்காரும். ஆறுதலுக்குச் சொன்ன யோசனை பதற்றத்தைக் கூட்டிவிடும்.

பைண்டர் அணிவோரைப் பற்றி சாரா பைட்ஸ்மையரும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. 1,800 பேர் பங்கேற்றார்கள். முதுகுவலி, நெஞ்சுவலி, தாங்க முடியாத உடல் சூடு என்று ஏதாவதொரு தொந்தரவைச் சொன்னவர்கள் 97 சதவீதத்துக்கும் மேல். அப்படியும் அவர்கள் அதை அணிந்துகொண்டுதான் இருந்தார்கள். அணிந்தால் வெளியே தலைநிமிர்ந்து போக முடிகிறது, மனச்சோர்வு குறைகிறது என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. வலியையும் நிம்மதியையும் ஒரே துணி தருகிறது. நம் ஊர் மே மாத வெயிலில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பேச்சுக்கு எட்டாத பதற்றத்தை உடம்பின் வழியே தணிக்கலாம் என்பது ‘சோமாட்டிக் தெரபி’ எனப்படும் உடல்வழி உளச்சிகிச்சையின் அடிப்படை. திருநரும் தன்பாலீர்ப்பாளரும் மற்ற பால்புதுமையினரும் அதைத் தேடி வரும்போது இந்த அடிப்படையே சோதனைக்கு உள்ளாகிறது. உடம்பே சிலருக்கு நிம்மதியில்லாத இடமாக இருக்கும்போது அதன் வழியே எப்படிப் போவது?

இந்தத் துறையின் பூர்வீகம் கொஞ்சம் கலவையானது. 1920-களில் பெர்லினில் எல்ஸா கிண்ட்லர், நிற்பதையும் மூச்சுவிடுவதையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். ஃப்ராய்டின் வட்டத்திலிருந்து வந்த வில்ஹெல்ம் ரைக், அடக்கிவைத்த உணர்ச்சி தசையிறுக்கமாகத் தங்கிவிடுகிறது என்றார். அதே ரைக் பிற்காலத்தில் ‘ஆர்கோன்’ என்றொரு பிரபஞ்ச ஆற்றலைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, அதைச் சேமிக்கப் பெட்டி செய்து விற்று, வழக்கில் மாட்டி, 1957-ல் அமெரிக்கச் சிறையில் இறந்தார். உருப்படியான கவனிப்பும் உருப்படாத கற்பனையும் இங்கே தொடக்கத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. இன்று அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: 1997-ல் ‘வேக்கிங் த டைகர்’ என்ற புத்தகத்தை எழுதிய பீட்டர் லெவின், ‘சென்சரிமோட்டர் சைக்கோதெரபி’யை உருவாக்கிய பேட் ஆக்டன். ஆபத்து வந்தபோது ஓடவோ தள்ளவோ முடியாமல் போன உடம்பு, ஆபத்து போன பிறகும் அந்தத் தயார்நிலையிலேயே நிற்கிறது என்பது இருவருக்கும் பொதுவான பார்வை.

ஆபத்து முடிந்துவிட்டது என்ற இந்த அனுமானம்தான் பால்புதுமையினர் விஷயத்தில் பொருந்தாமல் போகிறது. டவுன் பஸ்ஸில் ஒரு திருநங்கை ஏறுகிறார். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்கு டிக்கெட் காசு கிடையாது. உட்கார்வதுதான் பிரச்சினை. மகளிர் பக்கம் போனால் பக்கத்திலிருப்பவர் நகர்ந்துகொள்வாரோ, ஆண்கள் பக்கம் நின்றால் இடிப்பார்களோ, கண்டக்டர் எப்படிக் கூப்பிடுவாரோ, பின்சீட்டுப் பையன்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்? இத்தனையும் ஏறின சில நொடிகளில் ஓடி முடிந்துவிடும். அன்றைக்கு யாரும் ஒன்றும் செய்யாமலேகூட இருக்கலாம். உடம்பு அதற்காகக் காத்திருப்பதில்லை. மூளையின் அமிக்டலா எச்சரிக்க, பரிவு நரம்புகள் இதயத்தை வேகமாக்கும், தோள் மேலேறும், வயிறு இறுகும். ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி, அங்கிருந்து அட்ரினல் சுரப்பி என்று கட்டளை இறங்கி கார்டிசோல் ரத்தத்தில் கலக்கும். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு இப்படி ஆயத்தமாவதை வால்டர் கேனன் 1915-லேயே விரிவாக எழுதிவிட்டார். கேனனின் ஆய்வகத்துப் பூனை, குரைக்கும் நாயைக் கண்ட நேரத்தில்தான் சிலிர்த்தது. பஸ்ஸில் போகிறவருக்கு நாய் வருமா வராதா என்பது ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதுக்கேள்வி.

இலான் மெயர் என்ற ஆய்வாளர் இதற்குச் சிறுபான்மை மன அழுத்தக் கோட்பாடு என்ற வடிவத்தைக் கொடுத்தார். 2003-ல் வந்த அவரது கட்டுரை இன்றும் இத்துறையின் ஆதாரப் பாடம். அடி, வசவு, வேலை மறுப்பு போன்ற வெளி நிகழ்வுகள் ஒருபுறம். அவற்றை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது, தன்னை மறைத்து வாழ்வது, ஊர் சொல்லும் இழிவை உள்ளுக்குள் தானும் நம்பத் தொடங்குவது இன்னொருபுறம். இரண்டாவது வகைக்கு எதிராளி தேவையில்லை, தனியறையில்கூட அது வேலை செய்யும். 2012-ல் ஹென்ட்ரிக்ஸும் டெஸ்டாவும் இந்தச் சட்டகத்தைத் திருநர் வாழ்க்கைக்கு விரித்தார்கள்.

இந்த அழுத்தத்தை உடம்பிலும் அளக்கலாம். கார்டிசோலுக்கு ஓர் அன்றாட ஒழுங்கு உண்டு. விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பிறகு படிப்படியாக இறங்கி, தூங்கப்போகும்போது மிகவும் குறைந்திருக்கும். பாலின மாற்றத்தின் பாதையிலிருந்த 65 திருநம்பியரின் உமிழ்நீரில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து ஜக்கரி டுபோய்ஸ் குழுவினர் 2017-ல் வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி வெளியில் சொல்வதில் உள்ள அழுத்தத்தோடு, பொதுக்கழிப்பறைக்குப் போவதில் உள்ள அழுத்தமும் கார்டிசோல் அளவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. ஆண், பெண் என்று பலகை தொங்கும் இரண்டு கதவுகள், எதைத் திறந்தாலும் வம்பு. அந்தக் கணக்கு உமிழ்நீரில் எழுதப்படுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் தயார்நிலையில் நிற்பதால் இதயமும் ரத்தக்குழாயும் நோயெதிர்ப்பு மண்டலமும் தேய்வதை புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லாரும் 1993-ல் விளக்கினார்கள்.

ஆக, ‘ஒன்றும் ஆகாது, ரிலாக்ஸாக இருங்கள்’ என்று சொல்லும் தெரபிஸ்ட் பொய் சொல்கிறார். சொன்னவருக்குத் தெரியாவிட்டாலும் கேட்பவரின் உடம்புக்கு அது தெரியும். அவருடைய விழிப்பு அனுபவத்தில் கற்றது, பலமுறை அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த பிறகும் அது அணைய மறுப்பதுதான் கோளாறு. தேவைப்படும்போது எழவும் தேவையில்லாதபோது அடங்கவும் உடம்புக்கு வழி செய்து கொடுப்பது மட்டுமே சிகிச்சை நியாயமாக உரிமை கொண்டாடக்கூடிய வேலை.

இனி, உடம்பை உள்ளிருந்து உணரும் விஷயம். இதயத்துடிப்பு, பசி, மூச்சு, குடலின் அசைவு பற்றிய செய்திகள் மூளையின் இன்சுலா என்ற மடிப்பில் வந்து கூடுகின்றன. உணர்ச்சிக்கும் உள்ளிருந்து வரும் இந்த உணர்வுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. உடல்வழிச் சிகிச்சையும் இதை நம்பித்தான், தலைமுதல் கால்வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்கச் சொல்லும் பயிற்சியைத் தொடங்குகிறது. பிறப்பில் கிடைத்த உடல் தன்னுடையதாக ஒட்டாத ஒருவருக்கு அந்தப் பயணம் வேறு மாதிரி போகும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டியெடுத்த கை இன்னும் வலிக்கிறது என்று சொல்பவர்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். மூளையில் இருக்கும் உடல் வரைபடமும் வெளியே இருக்கும் உடலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் குழுவில் இருந்த லாரா கேஸ் முதலானோர் 2017-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திருநம்பியர் எட்டுப் பேர், ஒப்பிட எட்டுப் பெண்கள். மார்பிலும் கையிலும் மெல்லத் தட்டி, மூளையின் காந்த அலைகளைப் பதிவு செய்தார்கள். மார்பில் தட்டியபோது, உடலைத் தனதென்று கோத்துப் பார்க்கும் பகுதிகளில் திருநம்பியரிடம் எழுந்த சலனம் குறைவு. எட்டுப் பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது, உண்மைதான். ஆனால் ‘அந்த இடம் என்னோடது மாதிரியே இல்ல’ என்று திருநம்பியர் காலங்காலமாகச் சொல்லிவந்ததை மனப்பிராந்தி என்று ஒதுக்குவதற்கு முன் யாரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விவரம் தெரிந்த தெரபிஸ்ட் எடுத்த எடுப்பில் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்பார். வந்தவர் சுவருக்கு முதுகு கொடுத்து, வாசல் தெரியும்படி உட்கார்ந்தால் அதற்கு விளக்கம் கேட்கமாட்டார். பிறகு அறையை மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்வார்: மின்விசிறி, ஜன்னல் கம்பி, செருப்பு விட்ட இடம், மறுபடி வாசல். பயந்தவர் கண்ணை மட்டும் உருட்டிப் பார்ப்பார், கழுத்து அசையாது. கழுத்தைத் திருப்பி நிதானமாகப் பார்க்கும்போது, ‘அது என்ன’ என்று தலை நிமிர்த்தும் அனிச்சைச் செயல் தன் வேலையை முடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. நாய்களிடம் இதைக் கண்டு பாவ்லோவ் எழுதிய காலத்திலிருந்து இது நன்கு அறிந்த செயல்தான். சிலருக்கு இந்த இடத்திலேயே ஒரு கொட்டாவி வரும்.

அடுத்து பாதம். குதிகால் தரையில் எவ்வளவு அழுந்துகிறது, செருப்பில்லாத காலுக்குத் தரை குளிர்ச்சியா? அழுத்தத்தையும் மூட்டுகளின் நிலையையும் உணரும் பீஸோ-2 என்ற புரதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆர்டெம் படாபூடியன் 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தெரபிஸ்ட்டுக்கு வேறொரு காரணத்துக்காக இந்த இடம் பிடிக்கும். குதிகால், முழங்கை, காதுமடல் இவற்றுக்கெல்லாம் ஆண், பெண் என்ற முத்திரை அவ்வளவாக ஒட்டிக்கொள்வதில்லை. உடம்பில் சண்டையில்லாத ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு பஸ்ஸுக்குப் போகும். கண்டக்டர் கூப்பிட்டதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. சரி, ஒரு நொடி அங்கே இருங்கள், இப்போது குதிகாலுக்கு வாங்க. மறுபடி தொண்டை, மறுபடி குதிகால். லெவின் இதை ஊசல்போல் போய்வருவது என்கிறார். போய்வரும்போது சில நேரம் கை தானாகவே எதையோ தள்ள எழும். இரண்டு உள்ளங்கையாலும் சுவரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள் என்பார் தெரபிஸ்ட். அன்றைக்குத் தள்ள முடியாத கை இன்று தள்ளுகிறது.

மூச்சையும் விட்டுவிடுவதில்லை, வழியைத்தான் மாற்றுகிறார்கள். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயம் சற்று மெதுவாகிறது, உள்ளே இழுக்கும்போது வேகமெடுக்கிறது. நாடியில் விரல் வைத்தே இதைப் பலரால் உணர முடியும். வேகஸ் இதயத்தை ஒரு வேதிப்பொருள் வழியாகத்தான் மெதுவாக்குகிறது என்பதை 1921-ல் இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒட்டோ லோவி நிரூபித்தார். ஆக, அமைதி தருவது மூச்சின் ஆழத்தைவிட வெளிமூச்சின் நீளம். வெளிமூச்சு நீள விலா விரிய வேண்டியதில்லை, பைண்டரோடும் செய்யலாம். வெளிமூச்சை நீட்ட ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்வது வழக்கம். திருநங்கை ஒருவருக்கு அதுவே இடிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் ஏற்கெனவே தடித்த குரல்நாண் மெலிவதில்லை, முனகும்போது நெஞ்சில் அதிரும் அந்தக் கனத்த ஒலி அவர் கேட்க விரும்பாத ஒன்று. அவருக்கு உதடு குவித்து ஊதுவது போதும். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக் குரல் இறங்கிய திருநம்பிக்கோ அதே அதிர்வு ஆனந்தமாக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்று அச்சடித்துக் கொடுக்கும் வகுப்புகள் சறுக்குவது இங்கேதான்.

தொடுதலில் இன்னும் நிதானம் வேண்டும். முடியுள்ள தோலில், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்லத் தடவினால் மட்டும் நன்றாகத் துடிக்கும் தனி நரம்பிழைகள் உண்டு. தாய் குழந்தையைத் தடவும் வேகம் ஏறத்தாழ அதுதான். ஆனால் நரம்பிழை தயாராக இருப்பதும் ஆள் தயாராக இருப்பதும் வேறுவேறு. மருத்துவமனையில், காவல் நிலையத்தில், கூட்டநெரிசலில் தன்னைக் கேட்காமலே கையாளப்பட்ட உடம்பு அது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், ‘வேண்டாம்’ என்றால் முகம் சுளிக்காமல் கையை எடுக்க வேண்டும். அப்படி ஒருவர் கையை எடுப்பதை முதல்முறையாகப் பார்ப்பதேகூடச் சிலருக்குப் பெரிய சிகிச்சை. தன் கையாலேயே தன் முன்கையைத் தடவிக்கொள்வதில் இந்தச் சிக்கலே இல்லை.

இந்த வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் ‘பாலிவேகல் கோட்பாடு’ காதில் விழும். ஸ்டீபன் போர்ஜஸ் 1990-களில் முன்வைத்தது. வேகஸ் நரம்பின் பழைய கிளை நம்மை உறைய வைக்கிறது, பாலூட்டிகளுக்கே உரிய புதிய கிளை நட்போடு பழக வைக்கிறது என்பது அதன் சாரம். கேட்க அழகாக இருக்கிறது. பரிணாமம் பற்றி அது சொல்வதை உடலியல் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. பால் கிராஸ்மன் விரிவாகவே மறுத்திருக்கிறார். நீண்ட வெளிமூச்சு இதயத்தைத் தணிக்கும் என்பதற்கு அந்தக் கோட்பாடு தேவையே இல்லை. அதை வேதமாக ஒப்பிக்கும் பயிற்சியாளரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சிகிச்சைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? லெவினின் முறையை இஸ்ரேலில் டேனி புரோம் குழுவினர் 63 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகளும் மனச்சோர்வும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களிடம் நன்றாகவே குறைந்தன. 2014-ல் பெசல் வான் டெர் கோல்க், மற்ற சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களுக்கு யோகா சொல்லித்தந்து பலன் கண்டார். நல்ல தொடக்கம்தான், எண்ணிக்கை சிறிது. அதோடு, காத்திருப்போரோடு ஒப்பிட்டு வெல்வது கடினமான போட்டியல்ல. திருநரை மட்டும் வைத்துச் செய்த பெரிய சோதனை வரவில்லை. பால்புதுமையினருக்கென்றே மாற்றியமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தக் கணக்கில் முன்னே நிற்கிறது. எனவே, தூக்கமில்லாமலும் தற்கொலை எண்ணத்தோடும் இருப்பவருக்கு மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டியிருந்தால் முதலில் அது. உடல்வழிப் பயிற்சி அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

ஆதாரத்தைவிடப் பெரிய தடை வரலாறு. இதே நரம்பு மண்டலத்தை, இதே கற்றல் விதியை, பால்புதுமையினருக்கு எதிராக மருத்துவம் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் பிரிட்டனில், தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு ஆண்களின் படங்களைக் காட்டி, கூடவே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அபோமார்பின் ஊசி போட்டு, படம் தெரியும்போது வாந்தி வரச் செய்தார்கள். ஆசைக்கும் குமட்டலுக்கும் முடிச்சுப் போட்டால் ஆசை போய்விடும் என்பது கணக்கு. அப்படிச் சிகிச்சை பெற்ற 29 பேரின் வாய்மொழிக் கதைகள் 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. அவமானமும் தனிமையும் பல பத்தாண்டுகள் கழித்தும் அவர்களைவிட்டுப் போகவில்லை.

நமக்கு இது தூரத்துக் கதையில்லை. மதுரையிலிருந்து வெளியேறி சென்னை வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பெழுதும் முன் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காக அவரே ஓர் உளவியலாளரோடு அமர்ந்து கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இந்தப் பின்னணியில், ‘உன் உடம்போடு சமாதானமாகு’ என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னால் திருநம்பிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஹார்மோனும் அறுவைசிகிச்சையும் வேண்டாமென்று பேசிப்பேசி மனதை மாற்றுவதற்கான புதுப்பெயரா இது? அப்படிப் பயன்படுத்துபவர்களும் இருக்கக்கூடும். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்: என் பாலினத்தில் ஏதாவது மாற வேண்டுமென்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

காசும் ஒரு கேள்விதான். மாநகர அறையில், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சிகிச்சை, கடைகடையாகக் காசு கேட்டுப் பிழைக்கும் திருநங்கைக்கு எட்டாது. ஆனால் உடம்பு அசையவும் அழவும் அந்த அறை மட்டும்தான் இடம் என்றில்லை. கூவாகம் திருவிழா இரவில் கற்பூரச் சுடரைச் சுற்றித் திருநங்கையர் நூற்றுக்கணக்கில் கும்மியடிப்பார்கள். மறுநாள், கணவனாக வரித்துக்கொண்ட அரவானுக்காகத் தாலியறுத்து, வளையல் உடைத்து, மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். பிரேசில் பள்ளி மாணவர்களை ஒரே தாளத்தில் ஆடவைத்து 2015-ல் பிரான்வின் டார் குழு செய்த சோதனையில், சேர்ந்து ஆடியவர்களின் வலி தாங்கும் அளவும் ஒருவருக்கொருவர் நெருக்கமும் கூடியிருந்தன. கூவாகத்தைச் சிகிச்சை என்று சொல்ல நான் வரவில்லை, அது அவர்களின் வழிபாடு. குழுவாகக் கூடி அசைவதற்கும் அழுவதற்கும் இடமிருக்கும் சமூகத்தில், உடல்வழிச் சிகிச்சையைத் தனியறைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றுமட்டும் தோன்றுகிறது.

தெரபி அறைக்கு வெளியே நடப்பதும் உடம்பில் பதிகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004 மே மாதம் தன்பாலினத் திருமணம் சட்டப்படி நடக்கத் தொடங்கியது. அங்குள்ள ஒரு சமூக மருத்துவ மையத்துக்கு வந்துபோகும் 1,211 தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களின் பதிவுகளை, அதற்கு முந்தைய ஓராண்டு, பிந்தைய ஓராண்டு என்று பிரித்து மார்க் ஹாட்ஸன்பூலர் ஒப்பிட்டார். திருமணம் சட்டப்படியான பிறகு அவர்கள் மருத்துவரைப் பார்க்க வருவது 13 சதவீதம் குறைந்திருந்தது. மனநலப் பிரிவுக்கு வருவதும் குறைந்தது, செலவும் குறைந்தது. துணையோடு இருந்தவர்களுக்கும் தனியாக வாழ்ந்தவர்களுக்கும் இந்தக் குறைவு ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது.